நான்காம் பக்கத்து வரி

மூன்றாவது தடவையும் அதே வரியைத்தான் ஊர்த் தலைவரம்மா சிவப்பு மையால் அடித்து அனுப்பியிருந்தார். நான்காம் பக்கம், கடைசிப் பத்தி: ‘அந்தக் கோடைக்குப் பிறகு விருந்தினர்கள் இவ்வூருக்கு வருவது நின்றுபோனது.’ மற்ற நாற்பது பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஏரி வெட்டிய வருஷத்தையே எழுத்தர் தப்பாகப் போட்டிருந்தார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபது வீடு, ஏரிக்கரையில் பூட்டிக் கிடக்கும் பதினான்கு பங்களா, நாளுக்கு ஒரே பஸ். ஒரு காலத்தில் கோடை தவறாமல் பணக்காரர்கள் வந்து தங்கிய ஊராம். அதன் வரலாற்றை எழுதி, ஊர்த் தலைவரம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று தொல்லியல் துறை அனுப்பியிருந்தது. ஒரு வாரத்து வேலை. இருபது நாளாகக் கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை மனைவிக்குப் பிரசவ ஆபரேஷன். முதல் பிள்ளை பிறந்தபோதும் அவர் இப்படித்தான் ஏதோ ஊரில் கல்வெட்டு படித்துக்கொண்டிருந்தார். “இந்தத் தடவையும் வரலைன்னா, வரவே வேணாம்” என்று நேற்று போனில் சொன்னவளின் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரைக் கலக்கியது. கையெழுத்தில்லாமல் திரும்பினால் வேலை போய்விடும். மூன்று மணி பஸ்ஸை விட்டால் வீடே போய்விடும்.

“விருந்தாளிங்க வர்றது ஏன் நின்னுச்சு?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டால், “யாரு சார் நின்னுச்சுன்னு சொன்னது?” என்பார். தபால்காரரும் அதையேதான் சொன்னார். ஊர் முழுக்கப் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இதில் தபால்காரருக்குச் சிரிப்பு வேறு.

தலைவரம்மா கடைசி பங்களாவில் இருப்பதாகச் சொன்னார்கள். பட்டப்பகலிலேயே ஏரியிலிருந்து பனி ஏறிவந்து பாதையை மூட, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் கரையை நக்கும் சத்தத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, காகிதக் கட்டை மார்போடு அணைத்தபடி, மனசுக்குள் அந்த ஊரை ஏழு தலைமுறைக்கும் திட்டிக்கொண்டே நடந்தார். பூட்டிய பங்களாக்களின் வாசற்படிகள் எல்லாமே கழுவி ஈரமாக இருந்தன. யார் வருவார் என்று இத்தனை சுத்தம் என நினைத்தார். பிறகு நேரம் பார்த்தார். இரண்டரை.

கதவு திறந்திருந்தது. நீளமான கூடம், அந்துருண்டை வாசனை, அதற்கடியில் தலையெண்ணெய் வாசனை. சாலையைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே பன்னிரண்டு நாற்காலிகள், எல்லாம் வெள்ளைத் துணி போர்த்தி. தலைவரம்மா ஒரு துணியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அம்மா, இந்த வரியில என்னதான் தப்பு?”

“வர்றது நிக்கலையே தம்பி.”

“யாருமே வரலையேம்மா!”

“திரும்ப வரணும்னா, வந்தவங்க போயிருக்கணும்ல?” அவர் பொறுமையாகச் சொன்னார். “அந்தக் கோடை சீசன் கடைசி நாள் பஸ் நேரத்துக்குத்தான் வந்துச்சு. ஹாரன் அடிச்சுது. ஒருத்தரும் எந்திரிக்கல. ‘போகவில்லை’ன்னு எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

என்ன எழவோ, எழுதித் தொலைப்போம். இருபது நாள் எரிச்சலும் பேனா முனையில் ஏறியது. இடது கையைப் பக்கத்தில் இருந்த சின்ன நாற்காலியின் மேல் ஊன்றிக்கொண்டு, ‘இவ்வூருக்கு வருவது நின்றுபோனது’ என்பதை அடித்தார், ‘இவ்வூரை விட்டுப் போகவில்லை’ என்று எழுதினார். தலைவரம்மா வாங்கிப் படித்தார். தலையாட்டினார். நிதானமாக, தேதியோடு, கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். முடிந்தது. எழுத்தருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிள்ளை முகத்தைப் பார்த்துவிடலாம்.

அப்போதுதான் கைக்கடியில் இருந்த சூடு உறைத்தது.

நாற்காலி மரம் சுடாது.

துணியைப் பார்த்தார். மேல்பக்கம், நடுவில், ஒரு சின்னக் குழி. உள்ளே போனது. வெளியே வந்தது. அடுத்த நாற்காலியிலும். அதற்கடுத்ததிலும். எல்லாம் ஒரே சீராக.

“அம்மா...”

“மெதுவாப் பேசுங்க தம்பி.”

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. துணி ஓரத்திலிருந்து மேலேறிய ஐந்து விரல்கள். சின்ன விரல்கள். அவர் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தன. பிறந்த பிள்ளை பிடிக்கும் பிடி. நகங்கள் மட்டும் நீளம், வளைந்து வளைந்து, அவர் மணிக்கட்டுவரை.

இழுத்தார். இன்னும் இழுத்தார்.

வெளியே பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

பன்னிரண்டு துணிகளும் ஒன்றாகத் திரும்பின. சத்தம் வந்த பக்கம்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது ஹாரன். பிடி இறுகியது.