விலகிய வெள்ளைக் கோடு

காலையில் சர்வேயர் அம்மாளின் வீட்டுக்கு வந்த அந்தப் பெண் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரர் மூணு நாளா கண்ணை மூடலைக்கா. நான் சரியாத்தானே வச்சேன், சரியாத்தானே வச்சேன்னு அதே பேச்சு.”

அவள் கணவன் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருவரின் காருக்குப் போன வாரம், என்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும் பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாற்றியிருந்தான். நான்கு நாள் கார் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள், வலி கண்ட ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு ஏற்றிப் போகும்போது பாலத்தின் நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. குழந்தை காரிலேயே பிறந்தது. தாய் தேறிவிட்டாள், குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

“குழந்தையோட அப்பா இவரைத் தேடிக்கிட்டிருக்கார். முதலாளி இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்தறேங்கறார். தப்பு இவரோடதுன்னா அதையும் சொல்லிடுங்க. எதுன்னாவது தெரியணும்.”

சர்வேயர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைச் சோதித்தே இருபத்திரண்டு வருடம் கழித்தவர் அந்த அம்மாள். அவருடைய கொழுந்தன் டிரைவிங் மாஸ்டர் அவருக்கு முன்பே வாசலில் நின்றார். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்தான் என்றாலும் பானெட்டுக்குக் கீழே இருப்பது அவருக்கு வேற்று உலகம். ஆனாலும் அண்ணி துப்புத் துலக்கக் கிளம்பினால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

“போலி பெல்ட் அண்ணி,” என்றார் வழியிலேயே. “முதலாளி மட்டமானதை வாங்கிக் கொடுத்திருப்பார். அறுந்திருக்கும்.”

“பார்க்கலாம் தம்பி.”

பட்டறையில் முதலாளி கதவுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். நர்ஸ் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, போன் வருகிறதா என்று பார்த்தபடி இருந்தார். மெக்கானிக் சுவரோரம் நின்றான். தலை நரைத்த மேஸ்திரி மட்டும் முன்னால் வந்து பேசினார்.

“வண்டியை இழுத்துட்டு வந்ததும் எல்லார் முன்னாடியும் பெல்ட் மேல இருக்கிற கவரை மட்டும் கழட்டினேம்மா. வேற எதையும் யாரும் தொடலை. நீங்களே பாருங்க, மேல் சக்கரத்தோட குறி மூணு பல் தள்ளி நிக்குது. வால்வு போய் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சு போச்சு. இவன் குறி தப்பா வச்சுட்டான்.”

“வேலை நடந்த அன்னைக்கு நீங்க இங்கதான் இருந்தீங்களா?”

“நான் சாமான் வாங்கக் கடைக்குப் போயிட்டேன். வரும்போது கவர் மூடியாச்சு.”

சர்வேயர் டார்ச்சை அடித்து என்ஜினுக்குள் குனிந்தார். மாஸ்டரும் எட்டிப் பார்த்தார். பெல்ட் அறுந்திருக்கவில்லை, ஒரு பல்கூட உதிரவில்லை. ஆனால் தொளதொளவென்று தொங்கியது. மாஸ்டரின் போலி பெல்ட் ஊகம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

“இந்த வெள்ளை பெயிண்ட் யாரு வச்சது?”

“நான்தான்மா,” என்றான் மெக்கானிக். “ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடிச்சதும், போல்ட் தலையில இருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரே கோடா இழுத்துடுவேன். அதை இழுத்துட்டா அந்த போல்ட் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம் என்ஜினைக் கையால ரெண்டு முழுச் சுற்று சுத்திப் பார்த்தேன். மேல் குறி, கீழ் குறி ரெண்டும் அதது இடத்துல வந்து நின்னுச்சு. சாப்பிடப் போனேன். வந்து கவரை மூடினேன்.”

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையின் போல்ட்டைச் சர்வேயர் வெகுநேரம் பார்த்தார். தகட்டில் இருந்த கோடும் போல்ட் தலையில் இருந்த கோடும் ஒட்டவில்லை. ஸ்பேனரை வாங்கிப் பூட்டி அழுத்தினார். போல்ட் அசையவே இல்லை.

“இவ்வளவு இறுக்கமா இருக்கு. அப்புறம் பெல்ட் எப்படி மேஸ்திரி தொங்குது?”

மேஸ்திரி தோளைக் குலுக்கினார். “அதான் எனக்கும் புரியலை. கம்பி மாதிரில்ல விறைப்பா முறுக்கி வச்சிருந்தான். அந்த விறைப்புல உருளையோட பேரிங்கே போயிருக்கும்.”

சர்வேயர் டார்ச்சை அணைத்துவிட்டு நர்ஸிடம் திரும்பினார். “அந்த நாலு நாள்ல வண்டி உதறுச்சா? இழுவை குறைஞ்சுதா?”

“இல்லவே இல்லை. முன்னைவிட நல்லாத்தான் ஓடுச்சு.”

“அப்ப குறி சரியாத்தான் இருந்திருக்கு,” என்றார் சர்வேயர். “மூணு பல் தப்பா மாட்டியிருந்தா பட்டறை வாசலைத் தாண்டியிருக்காது. பெல்ட் தளர்ந்ததாலதான் பாலத்துல பல் தாண்டியிருக்கு.”

“போல்ட் தானா கழண்டிருக்கும் அண்ணி,” என்றார் மாஸ்டர். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தானா கழண்ட போல்ட் தொளதொளன்னு இருக்கும் தம்பி. இது நல்ல இறுக்கம், ஆனா கோடு விலகியிருக்கு. கோடு போட்டப்புறம் யாரோ இதைக் கழட்டி, உருளையைத் தளர்த்தி, மறுபடி முறுக்கியிருக்காங்க. வண்டி வந்தப்புறம் யாரும் தொடலை. கவர் மூடினப்புறம் தொடவும் முடியாது. அப்ப, மெக்கானிக் சாப்பிடப் போன அந்த நேரம்தான்.”

முதலாளியின் நடை நின்றது.

“மேஸ்திரி, கவர் மூடினப்புறம்தான் வந்தேன்னு சொன்னீங்க. வண்டி திரும்பி வந்தப்ப பெல்ட் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அது கம்பி மாதிரி விறைப்பா இருந்ததை நீங்க எப்பப் பார்த்தீங்க?”

மேஸ்திரி எண்ணெய்த் துணியால் சுத்தமாக இருந்த விரல்களையே துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். குற்றவாளி அகப்பட்டால் தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தார்.

“கட்டை விரலால அழுத்திப் பார்த்தேன்மா,” என்றார் மேஸ்திரி கடைசியில். “எங்க காலத்துல பெல்ட் கொஞ்சம் அமுங்கணும். இது அமுங்கலை. பேரிங் போயிடுமேன்னு ஒரு பொட்டு தளர்த்தினேன். இந்த மாடலுக்கு அப்படிக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு இவன்கிட்ட கேட்கவும் வாய் வரலை. பாலத்துல நின்னுச்சுன்னதும்... பயந்துட்டேன்.”

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் எழுந்து நின்றார்.

“என்கிட்ட மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருக்கார். மூணு நாளா தப்பான ஆள்மேல கோபப்பட்டுக்கிட்டிருக்கார். இப்பவே என்கூட வந்து, இங்க சொன்னதை அவருக்குச் சொல்லுங்க.”

மேஸ்திரி துணியை மேஜைமேல் வைத்தார். வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் அங்கேயே தயங்கினார்.

சுவரோரம் நின்ற மெக்கானிக் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தான்.

“நடங்கண்ணே, நானும் வர்றேன். சாப்பிட்டு வந்து ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா கோடு விலகினது தெரிஞ்சிருக்கும். பார்க்காம கவரை மூடினது நான்தானே.”