கோடு இறங்கிய திசை

விமானத்தின் மூக்கு மேலெழும்பியதுமே வலது இன்ஜினை அணைத்துவிட்டார், பின்னால் உட்கார்ந்து சோதிக்கும் மீசை சார். தரையைவிட்டு நகராத பயிற்சிக் கூண்டுதான். பரீட்சை மட்டும் நிஜம். துணை விமானி இடது பெடலை மிதித்து, வலப்பக்கம் ஓடத் துடித்த மூக்கை நேராக்கினாள். கருவித் திரையில், வழிகாட்டும் இரண்டு கோடுகளில் படுக்கைக் கோடு சற்றே இறங்கியது. இனி இவ்வளவு செங்குத்தாக ஏறாதே, வேகத்தைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம். சரிதான். ஆனால் நெடுக்குக் கோடு நடுவில் நிற்காமல், யாரோ மெல்ல இழுத்ததுபோல் இடப்பக்கம் நகர்ந்தது.

"சார், நேராத்தானே போகணும்? திரும்பச் சொல்லுதே."

"போன தடவை கோட்டை மதிக்காமதான் கோட்டை விட்ட," என்றார் பின்னாலிருந்து. "சொன்னபடி போம்மா."

இன்னொரு தடவை தோற்றால் வேலை போய்விடும். திருப்பினாள்.

ஏசியின் ஈர வாடையும், சூடேறிய ரப்பர் நெடியும், கூண்டைத் தாங்கும் இரும்புக் கால்களின் முனகலும் மூச்சோடு கலந்து நெஞ்சில் இறங்க, கோடு மறுபடி தாழ்ந்தது; அவளும் தாழ்ந்தாள்; மேகம் விலகி, கட்டடங்கள் என்று கூண்டின் திரை வழக்கமாக வரையும் சாம்பல் பெட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெரு விரிந்தது. வளைவில் தையல் கடை. துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி. அதை ஒட்டி, அவள் வீட்டு மொட்டை மாடி.

கொடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூண்டு மனிதர்களை வரையாது.

"சார், நிறுத்துங்க."

"நான் எப்பவோ நிறுத்திட்டேம்மா."

இழுத்தாள். கட்டுப்பாட்டுப் பிடி நெஞ்சுவரை வந்தும் மூக்கு எழவில்லை. மறுபடி இழுத்தாள். கை வலித்ததுதான் மிச்சம்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகள். காய்ச்சல் என்று காலையில் வீட்டில் விட்டுவந்த மகள்.

"அம்மா, எங்க இருக்க? மாடில நிக்கிறேன். ஒரு பிளேன் நம்ம வீட்டுக்கு நேரா இறங்குதும்மா. ஒரு பக்க இன்ஜின் சுத்தவே இல்ல."

"கீழ ஓடு! ஓடுடி!"

"கால் நகர மாட்டேங்குதும்மா."

கருவித் திரை இருண்டது. கோடுகள் மட்டும் அணையவில்லை. அவை இப்போது முன்கண்ணாடியில் இருந்தன. கண்ணாடிக்கு அப்பால், போனைக் காதில் வைத்தபடி, மகள் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். மகளின் நெற்றிக்கு நேரே இரண்டு கோடுகளும் வந்து குறுக்காக நின்றன.