யாரோ வீட்டு மேசை

எழுந்திருக்கும்போது நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுத்தான் எழுந்தாள் தெல்ஃபினா. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடிப்படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தால், யாரோ உட்காரப் போகிற மாதிரி நாற்காலி வெளியே இழுபட்டுக் கிடந்தது.

"அபிலியோ, நாற்காலிய நீயா இழுத்தே?"

"காலையிலேர்ந்து வண்டி ஓட்டின கை இது. கரண்டியத் தூக்கவே தெம்பில்ல, இதுல நாற்காலி வேறயா?" என்று கொட்டாவி விட்டான் அவள் புருஷன்.

லக்சம்பர்க்கில் அவனுக்குக் கட்டட வேலை, அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு பிரான்சையும் ஸ்பெயினையும் ஒரே மூச்சில் தாண்டி, போர்ச்சுகலில் தங்கள் மலையூருக்குப் போய்விடுவார்கள். இந்த வருஷம் பனி கொட்டியதால் மலைக் கணவாய்ப் பாதையை மூடிவிட்டார்கள். ஸ்பெயின் பொட்டலில், போனில் பேசிப் பிடித்த வாடகை வீட்டில், பண்டிகை ராத்திரி மாட்டிக்கொண்டார்கள்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா செத்தபின் வருகிற முதல் கிறிஸ்துமஸ். அவர்கள் ஊரில் அன்றைக்குச் சாப்பிட்ட மேசையை எடுத்துவைக்க மாட்டார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று விடியும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. பேர் எதற்கு? வீட்டுக்கு அதன் ஆட்களைத் தெரியாதா? அம்மா வருவாள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், இந்தப் பிள்ளையாவது தங்கும் என்றுதான் ஐந்து மாத வயிற்றோடு வண்டி ஏறினாள். முன்னால் இரண்டு தங்கவில்லை. அதனால்தான் கொண்டுவந்த உப்பு மீனையும் உருளைக்கிழங்கையும் அவித்து, பாலில் நனைத்த ரொட்டியைப் பொரித்து, அந்த வீட்டு மேசையிலேயே பரப்பி வைத்தாள்.

"உங்கம்மாவுக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியுமா?" அபிலியோ சிரித்தான். "வேற யாராவது வந்து தின்னுட்டுப் போயிடப் போறாங்க."

"வாயைக் கழுவு. போய்ப் படு."

"சரி தாயே."

அவன் மேலே போனான். அவள் அந்த நாற்காலியையே பார்த்தாள். பயமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. அம்மாதான், வேறு யார்? "வாங்க," என்றாள் மெதுவாக. "வயிறாரச் சாப்பிட்டுட்டு மேல வந்து பிள்ளையத் தொட்டுப் பாருங்க."

நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தாள், பாவம்.

மெத்தையின் நடுவில் பல வருஷம் யார் யாரோ படுத்துத் தேய்ந்த பள்ளம் இருந்தது. கம்பளியில் பூச்சிமருந்தும் கிழட்டு வேர்வையும் கலந்து வீசியது. ஜன்னல் சட்டத்தில் பனி உரசுகிற சத்தத்துக்கு நடுவே, வெகுநேரம் கழித்து, கீழே தட்டில் ஒரு கரண்டி பட்டது. அவள் கண்ணீரோடு சிரித்தாள். கரண்டி மறுபடி பட்டது. அப்புறம் இன்னொன்று, மேசையின் மறுபக்கத்திலிருந்து. பல்லில்லாத வாய் ஒன்று சளக் சளக்கென்று மென்றது. ஒரு குழந்தை இருமியது.

வந்திருப்பது ஒரு ஆள் இல்லை.

வீட்டுக்கு அதன் ஆட்களைத் தெரியும். ஐயோ, இது யார் வீடு? யாரை நான் கூப்பிட்டேன்?

"அபிலியோ! எழுந்திரு! கீழ சாப்பிடறாங்க!"

"எலியா இருக்கும். தூங்கு ஃபினா." போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தான். அடுத்த மூச்சிலேயே குறட்டை.

ஓடிப்போய் மேசையைத் துடைத்து எடுத்துவிடலாம் என்று காலைத் தரையில் வைத்தாள். கீழே நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லாம் ஒன்றாக. சாப்பாடு முடிந்துவிட்டது.

படி முனகியது.

அவள் படுத்து, வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அபிலியோவை உலுக்கினாள். கத்தினாள். சத்தம் வரவில்லை. கதவு திறந்தது. எண்ணெய் வாடை. மண் வாடை.

"அம்மா?"

போர்வை விலகியது. அவள் கைகளை யாரோ ஒவ்வொன்றாக எடுத்து, பதமாக, பக்கத்தில் வைத்தார்கள். வயிற்றில் ஒரு கை. அம்மாவின் கை சலவை சோடாவில் வெந்து சொரசொரப்பாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது. ஐஸாக இருந்தது. உள்ளே பிள்ளை சுருண்டு முதுகுப் பக்கம் ஒண்டியது.

கை விலகியது. போய்விட்டார்களா?

இன்னொரு கை. சின்னது. மீன் பிசுக்கு.

அடுத்த கை.

கண்ணைத் திறந்தாள். வாசலில், நடையில், படிநெடுக, ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அவசரமே இல்லை. முதலில் தொட்ட கிழவி மட்டும் திரும்பிப் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில், தெல்ஃபினாவின் முழங்கால்களுக்கு நடுவே, பிள்ளையை ஏந்திக்கொள்வதற்காக மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.