பலகைக்கு நடுவில்

பாயின் ஓரம் சுவரில் ஏறி மடங்கியிருந்தது. நேற்றுவரை தரையோடு படிந்து கிடந்த பாய்.

ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவைத் துடைத்துவிட்டு, கையில் பினாயில் வாடை போகாமல் காலையில் வந்து விழுகிறவளுக்கு அந்தப் பாய்தான் வீடு. ராத்திரியில் தங்கச்சிக்கு, பகலில் இவளுக்கு. ஒரே கூடத்தைப் பலகை அடித்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்து அறைத் தையல்காரர் இருமினால் இவள் காதுக்குள்ளேயே இருமுகிற மாதிரி இருக்கும். இன்று அந்த இருமல் எங்கோ தூரத்தில் கேட்டது. நடுவில் வேறு ஏதோ, ஈரத்துணியை மெல்லப் பிழிகிற மாதிரி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

போய்த் தையல்காரரிடமே கேட்டாள்.

"அண்ணே, பலகைய எங்க பக்கம் தள்ளுறீங்களா?"

"நானா? என் மிஷினே இப்ப கதவுல இடிக்குது. நீதான் தள்ளுறேன்னு திட்டிக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்காரம்மா படிக்கட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இவள் கேட்டதற்கு நிமிரவில்லை.

"ரெண்டு பலகைக்கும் நடுவுல சந்து சும்மாதான கிடந்துச்சு. ஆள் வச்சிருக்கேன்."

"அந்தச் சந்துலயா? யாரும்மா?"

"தண்ணி கேக்காது, கரண்டு கேக்காது. உங்கள மாதிரி நொய்நொய்ங்காது. பிடிக்கலன்னா காலி பண்ணு. ரூம் கேட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க பாரு."

நின்றார்கள். மூட்டையும் குழந்தையுமாக. தங்கச்சிக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. காலி பண்ணி எந்தத் தெருவில் உட்கார்ந்து படிப்பாள்?

வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள். "நான் போனதும் பெஞ்ச கதவுக்கும் பலகைக்கும் நடுவுல முட்டுக் குடு. அசையாது."

"நாம இருக்கிற இடத்துக்கு முட்டு ஒண்ணுதான் கொறச்சல்க்கா," என்று சிரித்தாள் தங்கச்சி. உள்ளே பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் இவள் படியிறங்கினாள்.

காலை. கதவு திறக்கவில்லை.

கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளே பெஞ்சு முறிந்தது. கதவு ஒரு கையகலம் விலகியது.

அறை இல்லை. கதவை ஒட்டிப் பலகை. இடுக்கில் பாயின் நுனி, மடிப்பு மடிப்பாக.

"சத்தம் போடாத," படிக்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மா. "உன் தங்கச்சியப் பாரு, இப்ப தண்ணிகூடக் கேக்கல."

பலகை மெல்ல உப்பியது. அமுங்கியது. உப்பியது.

உள்ளே ரெண்டு மூச்சு. அதில் ஒன்றை இவளுக்குத் தெரியும்.