மழை பெய்யாத காட்சி

"என் பெண்டாட்டி எனக்குப் பொய் சினிமா காட்டுறா, மேடம். ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

வந்தவர் நாற்காலியின் விளிம்பைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மடித்த வெள்ளைக்கோல் மடியில் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஒன்பது வயதில் காய்ச்சலோடு பார்வையும் போனதாகச் சொன்னார்.

கீழே ஜெராக்ஸ் கடை தம்பியுடையது. மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகம் அக்காவுடையது. தெருவில் அக்காவுக்கு நிதானம் என்று பெயர், தம்பிக்கு அவசரம். இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பட்டம் உதிரவில்லை.

ஆபரேட்டர் நடந்ததைச் சொல்ல, தம்பி வேகமாக எழுதிக்கொண்டான். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப் படம். காலைக் காட்சி. மனைவி காதோரம் குனிந்து திரையில் தெரிவதையெல்லாம் சொல்வாள். புடவை நிறம், வில்லன் மீசை, ஓரத்தில் ஓடும் நாய் உட்பட. மறுநாள் கேண்டீனில் அந்தக் கதையை இவர் சொல்ல, கண் உள்ளவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

ஒரு மாதமாக அதே கேண்டீன் சிரிக்கிறது. முதல் வாரப் படத்தில் கதாநாயகன் ரயிலேறிப் போனதாக இவர் சொன்னார். அவன் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டானாம். அடுத்த வாரம், கடிதத்தைப் படித்துவிட்டு அழுதவள் உண்மையில் புன்னகைத்தாளாம். மூன்றாவது வாரம் புதிதாக ஒன்றும் சரியில்லை என்று, மறுபடி வெளியான பழைய படத்துக்குப் போனார்கள். அதில் சட்டைப் பொத்தான் வரை எல்லாம் சரி. போன வாரப் புதுப் படத்தில் ஒரு பாட்டு. ஏரி, வெள்ளைப் படகுகள், படகுக்கு ஒரு விளக்கு என்று மனைவி சொல்லச் சொல்ல இவர் கரைந்து போயிருக்கிறார். அந்தப் பாட்டு முழுக்கப் பாழடைந்த ஒரு குடோனில் எடுத்ததாம்.

"புதுப் படம் என்னென்ன வருதுன்னு புதன்கிழமையே பேப்பரைப் படிச்சுச் சொல்லுவா. இப்போ பேப்பரையும் நிறுத்திட்டா, ரேடியோவில கேட்டா போதுமாம்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "மாசத்துல ரெண்டு செவ்வாய்க்கிழமை தங்கச்சி வீட்டுக்குன்னு கிளம்புறா. போன தடவை தங்கச்சிக்கு போன் போட்டேன். அங்கே வரவே இல்லையாம். அவ கண்ணுதான் மேடம் என் கண்ணு. அதுவே பொய் சொன்னா, இனி நான் எதை நம்பி வீட்டுக்குப் போறது?"

அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தப் பழைய படத்தை மனைவி முன்னாலேயே பார்த்திருக்கிறாளா?

"கல்யாணத்துக்கு முன்னாடியே நாலு தடவை."

அவர் படியிறங்கியதுதான் தாமதம். "செவ்வாய்க்கிழமை ஒருத்தன் இருக்கான், அக்கா. மனசு அவன்கிட்ட, கண்ணு மட்டும் திரையில. அதான் உளறுறாங்க" என்றான் தம்பி.

"இருக்கலாம்" என்றாள் அக்கா. "உன் பச்சைச் சட்டையில பை கிழிஞ்சிருக்கே. அவர் வீட்டம்மா டெய்லராம். தைச்சுட்டு வா."

தம்பி தைத்துக்கொண்டு வந்தான். கையில் தையல், மனதில் தடயம். அந்தம்மா தங்கமாகப் பேசினார். கால் கட்டைவிரலில் பிளாஸ்திரி, வாசற்படி இடித்துவிட்டதாம். நூல் டப்பாவில் ஒரு மஞ்சள் அட்டை, அதில் வரிசையாகத் தேதிகள். "எண்ணிப் பார்த்துட்டேன். எல்லாம் செவ்வாய். சந்திக்கிற நாளை அட்டை போட்டு வச்சிருக்காங்க, பாரு துணிச்சலை."

அக்கா சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தையல் நேராகவும் உறுதியாகவும் இருந்தது. ஆனால் பச்சைத் துணியில் ஓடியிருந்தது நீல நூல்.

வெள்ளிக்கிழமை மூன்று புதுப் படங்கள் வந்தன. ஆபரேட்டர் தம்பதி ஒரு குடும்பப் படத்துக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின் வரிசையில் அக்காவும் தம்பியும். வெளியே பளீரென்ற வெயில், உள்ளே குளத்தின் அடியில் உட்கார்ந்த மாதிரி நீல மங்கல். அந்த மங்கலில் மனைவியின் கிசுகிசுப்பு ஒரு நீரோட்டம் போல நகர்ந்துகொண்டிருந்தது. தம்பி கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

திரையில் ஒரு சமையலறை. தாயாக வருபவள் நறுக்கிய வெங்காயத்தைக் காய்ந்த எண்ணெயில் போட்டாள். சடசடவென்று பொரியும் ஓசை அரங்கை நிறைத்தது.

"மழை பிடிச்சிருச்சுங்க" என்றது கிசுகிசுப்பு. "ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணி வழியுது. அவ வெளியே பார்த்துக்கிட்டே நிக்கிறா. தெருவுல ஒருத்தன் குடை இல்லாம போறான், அவசரமே இல்லாம."

வாணலியைப் பார்த்துக்கொண்டே ஒரு கணம் தம்பியும் மழையைப் பார்த்தான். எங்கிருந்தோ ஈரமண் வாசனை வந்தது போலிருந்தது. திரும்பினால், அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. முன்னால் இருந்த அந்த இரண்டு தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபரேட்டர் தனியாக வந்தார். அக்கா அவர் கையில் தம்பியின் சட்டையைக் கொடுத்தாள்.

"தையலைத் தடவிப் பாருங்க. எப்படி இருக்கு?"

"அவ கை. கோணலே இருக்காது."

"கோணல் இல்லை. ஆனா பச்சைக்கு நீல நூல் போட்டிருக்காங்க. சார், உங்க வீட்டம்மா பொய் சொல்லணும்னு நினைச்சிருந்தா பழைய படத்திலயும் சொல்லியிருப்பாங்க. ஏற்கனவே பார்த்த படம் சரியா வருது, புதுசு மட்டும் தப்பா வருது. ரயில் சத்தம் கேட்டா ஏறிப் போனான். கடிதம் பிரிக்கிற சத்தத்துக்குப் பிறகு பேச்சே இல்லைன்னா அழுதா. நேத்து எண்ணெய் பொரிஞ்சது, அவங்க மழைன்னாங்க. கண்ணு உள்ளவங்க அந்தத் தப்பைப் பண்ண முடியாது. அவங்க காதால படம் பார்க்கிறாங்க."



"எனக்கும் அது மழையாத் தோணல" என்றார் அவர் மெல்ல. "மழை அப்படி ஒரே இடத்துல பொரியாது. ஆனா குடை இல்லாம போனவன் ரொம்ப நல்லா இருந்தான், மேடம். அதான் கேட்கல."

பேப்பர் நின்றது, கால்விரல் இடித்தது, மஞ்சள் அட்டை என்று ஒவ்வொன்றாக அக்கா கோத்தாள். பக்கத்து ஊர்க் கண் ஆஸ்பத்திரியில் மஞ்சள் அட்டைதான் கொடுப்பார்கள், அங்கே பெரிய டாக்டர் வருவது மாதம் இரண்டு செவ்வாய் மட்டும். தம்பி தன் நோட்டில் எழுதியிருந்த 'ஒருத்தன்' என்ற சொல்லைச் சத்தமில்லாமல் அடித்தான்.

"என் ஆஸ்பத்திரியிலயே கண் பிரிவு இருக்கே. பஸ் ஏறி எதுக்கு அங்கே போகணும்?"

"உங்க ஆஸ்பத்திரியில எந்த டாக்டருக்கு எந்த போன் போனாலும், அது உங்க கை வழியாத்தானே போகணும்? உங்களுக்குத் தெரியாம அங்கே ஒரு அட்டை கூடப் போட முடியாது. அவ கண்ணுதான் என் கண்ணுன்னு நீங்கதான் சொன்னீங்க. இருக்கிறது ஒரு ஜோடி. அது போகுதுன்னு எந்த வாயால உங்ககிட்ட சொல்லுவாங்க? இன்னும் நேராத் தைக்கிறாங்க, சார். அப்போ மிச்சம் இருக்கு. அதைக் காப்பாத்த நேரமும் இருக்கு."

அவர் வெகுநேரம் சட்டைத் தையலையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு மேஜையில் கை நகர்த்தி டெலிபோனைக் கண்டுபிடித்தார். தன் ஆஸ்பத்திரி எண்ணை விரல்கள் தாமே அழுத்தின.

"நான்தான்பா. கண் பிரிவு, பெரிய டாக்டருக்குப் போடு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நோயாளியா? என் வீட்டம்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு படங்கள் வந்திருந்தன. தம்பிக்கு எந்தப் படம் என்பது முக்கியமில்லை. அக்காவையும் இழுத்துக்கொண்டு அதே அரங்குக்குப் போனான்.

விளக்கணைந்ததும் அவர்கள் வந்தார்கள். வழக்கமாக மனைவி முன்னால், அவள் தோளில் அவர் கை. இன்று அவர் ஒரு படி முன்னால் இறங்கினார். அவர் தோளில் அவள் கை.

"பன்னிரண்டு படி. எட்டாவது கொஞ்சம் உயரம்."

"எனக்குத் தெரியும்."

"உன் கட்டைவிரலுக்குத் தெரியலையே."

அவள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். உட்கார்ந்தார்கள். திரை ஒளிர்ந்தது, இசை எழுந்தது. காதோரம் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"சொல்லு" என்றார் அவர்.

"சரியாத் தெரியலைங்க."

"அப்போ தெரியாததைச் சொல்லு."

பிறகு அவள் சிரிப்பது கேட்டது. "ஏரிங்க" என்று தொடங்கினாள். "விடிஞ்சும் விடியாமலும் இருக்கு. கரையில ரெண்டு பேர். படகு இப்பத்தான் திரும்புது."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் அக்கா எப்போதோ மூடியிருந்தாள். படம் நன்றாக இருந்தது.