கண்ணாடிக்குப் பின்னால் தேவமணி மேடம்

ரீபா பாளையங்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மனநல மருத்துவமனை என்றதும் பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆற்றுக்குப் போகிற பாதையில், மருத மரங்களுக்கு நடுவே, என்றோ மிஷன்காரர்கள் கட்டிய ஓட்டு பங்களாதான் இருந்தது. வாட்ச்மேன் அகமது மீரான் கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே கால் வைத்ததும் வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. டெட்டால் வாடை. அதற்கும் அடியில் வௌவால் எச்சத்தின் வாடை.

உளவியல் படிக்கிறவர்கள் கடைசி வருடம் இப்படி ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். மூத்தவர் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க, நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் கும்பலாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இங்கே வந்தது அவள் ஒருத்திதான்.

நாங்குநேரி வீட்டிலும் ஆள் இல்லை. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறந்துபோனாள். அம்மாவுக்காக ரீபா இன்னும் அழவில்லை. அழுதால் ‘ஏன் அழுகிறாய்’ என்று கேட்க ஓர் ஆளாவது வேண்டும் அல்லவா? தன்னை யாராவது கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்ற ஒரே ஆசையில்தான் அவள் இந்தப் பயிற்சியை நம்பி வந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

அவளைக் கவனிக்க வேண்டியவர் தேவமணி மேடம். கறாரான ஆள். சுற்றி வளைக்காமல் நேராகப் பேச்சு அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னல்கள் அடைத்த அறை, ஒரு டியூப்லைட், எதிரெதிரே இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் இன்னொரு சின்ன அறை. மேடம் அங்கே இருட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார். இங்கே வெளிச்சமும் அங்கே இருட்டும் இருக்கும்வரை, இந்தப் பக்கத்துக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி.

“கண்ணாடிக்கு முதுகக் காட்டித்தான் நீ உக்காரணும்” என்றார் மேடம். “நான் இருக்கனா இல்லையான்னு திரும்பிப் பாக்கவே கூடாது. நீ திரும்புனா பேஷண்ட் வாயத் தொறக்க மாட்டாரு.”

மேடம் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போய்விடுவார். அவரோடு பேசுவது சனிக்கிழமைதான்.

ரீபாவுக்குக் கொடுத்த நோயாளி ஐயம்பெருமாள், சேரன்மகாதேவிப் பக்கத்து வாழை விவசாயி. பெரிய வெள்ளத்தில் மகனை ஆறு கொண்டுபோனதிலிருந்து அவர் பேசுவதில்லை. முதல் வாரம் முழுக்க ரீபாதான் பேசினாள். அவர் அவளுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ரொம்பப் பேசுகிறாய் என்று சனிக்கிழமை மேடம் திட்டினார்.

அடுத்த திங்கள், உச்சிவெயில் சாய்கிற நேரம். அறையில் அதே மௌனம். தாங்க முடியாமல் ரீபா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

டக்.

பின்னால் கண்ணாடியில் விரலால் தட்டிய சத்தம்.

வாயை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து ஐயம்பெருமாளின் தொண்டை அசைந்தது. “தண்ணி வந்துட்டு” என்றார்.

டக். டக்.

மேலே கேள் என்று சொல்வதுபோல இருந்தது. கேட்டாள். மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லி மகனை அவர்தான் தொழுவத்துக்கு அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் அன்று அவர் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது. ஒரு தட்டு என்றால் காத்திரு. இரண்டு தட்டு என்றால் கேள். யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிட்டது. பிடரியில் யாரோ கண் வைத்திருக்கிற கூச்சம் ஓயவே இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஹாஸ்டலுக்கு நடக்கும்போது மனதுக்குள் மேடத்தோடு பேசிக்கொண்டே போனாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது, தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஐயம்பெருமாள் மகனின் பெயரைச் சொன்னார். மணிராஜ். சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்து அழுதார். சனிக்கிழமைவரை பொறுக்காமல், அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து மேடத்துக்குப் போன் போட்டாள்.

நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“யாரக் கேட்டு உக்காந்த?” என்றார் மேடம். “மக பிரசவத்துக்குன்னு நான் ஞாயித்துக்கெழமையே தூத்துக்குடி வந்துட்டேன். யாரும் உக்காரக் கூடாதுன்னு குரூப்ல போட்டனே.”

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் ரீபாவைச் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

“அப்ப கண்ணாடியத் தட்டுனது?”

“நான் எதுக்குத் தட்டப் போறேன்? அந்த ரூம் சாவி எங்கிட்டல்லா இருக்கு.”

இனி அந்த அறைக்குள் போகக் கூடாது, திங்கள்கிழமை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

உள்ளே ஐயம்பெருமாள் காத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரீபா உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லி முடிக்குமுன் கரண்ட் போய்விட்டது.

அறை இருண்டது.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் ஐயம்பெருமாள் முகத்தில் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தது.

அவர் அவள் தலைக்கு மேலே பார்த்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. பழகியவர்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

“யம்மா” என்றார், பைய. “அந்த அம்மா என்னைய ஒரு நாளும் பாக்கல. ஒங்களையத்தான் பாக்குதாவ.”

ரீபா திரும்பினாள்.

கண்ணாடியை ஒட்டி ஒரு பெண் நின்றாள். வெள்ளைச் சேலை. உள்ளங்கை கண்ணாடியில் பதிந்திருந்தது. அந்த முகத்தை ரீபா முன்னே பின்னே பார்த்ததில்லை. அப்படி ஓர் இரக்கத்தையும் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

கரண்ட் வந்தது. கண்ணாடியில் ரீபாவின் முகம் மட்டும் இருந்தது.

சாயங்காலம் ஐயம்பெருமாளின் தம்பி வந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார். மாடு கன்று போட்டதா என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டே போனார் அவர். ரீபாவும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஓடிவிடத்தான் நினைத்தாள். ஓடி எங்கே போவது? ஹாஸ்டலில் பேச ஆள் இல்லை, நாங்குநேரி வீடு பூட்டிக் கிடக்கிறது. உலகத்திலேயே தன்னை ஒரு வாரம் கண் எடுக்காமல் பார்த்தது அந்த அறைதான் என்று நினைத்ததும் கால் தானாகத் திரும்பியது.

இந்தத் தடவை அவள் தன் நாற்காலியில் உட்காரவில்லை. ஐயம்பெருமாள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கம்மா செத்துப் போயிட்டா” என்றாள். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்ணாடியில் சத்தம் இல்லை.

தாழ்வாரத்தில் வெறுங்காலடி கேட்டது.

கதவு திறந்தது.

எதிரே இருந்த நாற்காலியின் பிரம்பு, கனம் ஏறினாற்போலக் கிறீச்சிட்டது. ரீபா அழத் தொடங்கினாள்.

பூட்டுப் போட வந்த அகமது மீரான், உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு, முடித்துவிட்டு வரட்டும் என்று கேட்டடிக்குத் திரும்பிப் போனார்.