எல்மரின் கணக்கு இன்னும் மூடப்படவில்லை

இறந்தவனின் கைப்பேசி ஏன் சூடாக இருக்கிறது?

மரிவிக் இதை யாரிடமும் கேட்கவில்லை. முன்னறையில் கணவன் எல்மரின் சவப்பெட்டி. அதன் மூடியில் பாதி கண்ணாடி. வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே அக்கம்பக்கத்தார் சீட்டாடினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துப் பணத்திலும் ஒரு பங்கு துக்க வீட்டுக்கு. அவர்கள் கொறித்த தர்பூசணி விதை கடிபடும் சத்தமும், வாடிய லில்லிகளின் இனிப்பு வாடையும், மதிய வெயிலில் தகரக் கூரையின் முனகலும் அறைக்குள் தேங்கி நிற்க, அவள் மடியிலிருந்த கைப்பேசி மட்டும் இப்போதுதான் ஒருவர் கையிலிருந்து இறங்கியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏய் செபா, துக்க வீட்டுப் பங்குலயே கை வைக்கிறியா?"

"நான் கை வைக்கல, நீ கண்ணு வைக்காத. சீட்டப் போடு!"

வெளியே சிரித்தார்கள். மரிவிக் திரையைத் தொட்டாள். சூதாட்டத் தளம் திறந்திருந்தது. படங்கள் தாமாகச் சுழன்றன. சின்னப் பந்தயம். தோற்றது. பொறுமையாகக் காத்திருந்து, மறுபடி அதே அளவு.

எல்மர் எவ்வளவு தெளிவாகச் சொல்வான்! ஒதுக்கிய பணத்தைச் சிறு பங்குகளாகப் பிரி. பாதி போனால் எழுந்துவிடு. வேகமாகச் சுழலும் ஆட்டம் வேண்டாம். உரிமம் இல்லாத தளம் வேண்டவே வேண்டாம், ஜெயித்ததை எடுக்க விடமாட்டார்கள். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்த நாட்களில், யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சோறூட்டியபடி, இதே அளவுத் திரையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் தலையாட்டுவாள். அனுப்பிய சம்பளமெல்லாம் போயிற்று. ஒருமுறைகூட அவன் பாதியில் எழுந்ததில்லை.

இப்போது அவன் கணக்கு தானாக எழுந்துகொண்டது. ஆட்டம் நின்றது. ஜெயித்த தொகை தனியே ஒதுங்கியது.

உயிரோடிருக்கும்போது இதைச் செய்திருக்கக் கூடாதா?

எல்மரின் தம்பி டோன்டோன் அருகில் வந்து குனிந்தான். "பாத்தீங்களா அண்ணி? காலையிலேருந்து பணம் ஏறுது. சத்தியமா நான் தொடல. அடக்கச் செலவுக்கு இதுவே போதும். ஆனா எடுக்கணும்னா மொகத்தக் காட்டச் சொல்லுது."

"யாரு மொகத்த?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பணம் கட்டாமல் எல்மரை எங்கே கொண்டுபோவது? அவள் எழுந்து, கைப்பேசியைக் கண்ணாடிக்கு மேலே பிடித்தாள். பவுடர் பூசிய கன்னம். மூடிய இமைகள். அவளறியாமல் ஒரு துளி விழுந்தது.

"ஐயோ!" வாசலிலிருந்து செபா கத்தினாள். "பெட்டிமேல கண்ணீர் படக்கூடாதுடி! அப்புறம் அவன் எப்படிப் போவான்?"

மரிவிக் அவசரமாகத் துடைத்தாள். ஈரம் போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

ஈரம் உள்பக்கம் இருந்தது.

திரையில் எழுத்துகள்: கண்களைச் சிமிட்டவும்.

பெட்டிக்குள் இமைகள் அசையவில்லை. திரையில் திறந்தன. ஒருமுறை சிமிட்டின. அவளைத் தேடின.

"அண்ணி..." டோன்டோன் சுவரோடு ஒட்டினான்.

சீட்டுச் சத்தம் இல்லை. விதைச் சத்தம் இல்லை. திரையில் அதே பார்வை. பணம் கேட்கும்போது மட்டும் வரும் பார்வை. வெட்கம். கெஞ்சல். பாதிச் சிரிப்பு.

"விக்," என்றது கைப்பேசி. "இதுவரைக்கும் சரியாத்தான ஆடினேன்? எடுக்க வேணாம். இன்னும் கொஞ்சம் போடு. இந்த ஒரு தடவ."

பெட்டிக்குள்ளிருந்து மூச்சு கண்ணாடியில் படர்ந்தது. முகம் மறைந்தது. அந்த மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து வந்தது. விரல்களில் சுற்றிய ஜெபமாலை தொங்கியது. உள்ளங்கை கண்ணாடியில் படிந்தது. விரிந்தபடி. காத்திருந்தபடி.

அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை வருடம் ஏங்கிய சூடு.

"இல்ல, எல்மர்," என்றாள் மெதுவாக. "போடமாட்டேன்."

கை இறங்கவில்லை.